உறப்பு வோட்டு

திருவனந்தபுரம்,
புதன்கிழமை.

அன்பு மகள் ஜெஸிக்கு,

அப்பாவின் ஸ்தோத்திரம். நீயும் ஆன்சனும் பிள்ளைகளும் மஸ்கட்டில் சுகம் என்று போனில் தெரிந்துகொண்டாலும், கடிதத்தில் மறுபடி கேட்காமல் ஆரம்பிக்க எனக்கு வரவில்லை. சுகம்தானே? நாளை விமானத்தில் அங்கே வரும் பினுவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். நம் வீட்டில் இப்போது தனியாக நின்று பேச இடமில்லை. முன்னறையில் நோட்டீஸ் கட்டுகள், சாப்பாட்டு மேஜையைச் சுற்றிக் கட்சிக்காரர்கள், எல்லோருக்கும் நடுவில் அம்மா.

அம்மா நன்றாக இருக்கிறாள். மிகவும் நன்றாக இருக்கிறாள். வெயிலில் அலைந்தும் முகம் வாடவில்லை. வார்டு இந்தமுறை பெண்களுக்கு என்று ஆனதும் கட்சிக்காரர்கள் வேட்பாளராக நிற்கச் சொல்லி அவளைத் தேடி வந்ததில் தவறில்லை. கணக்கு டீச்சராக இருந்தவள், தமிழும் மலையாளமும் ஒன்றுபோல் பேசுகிறவள், சபையிலும் நல்ல பெயர். மறுப்பதற்கு ஒரு காரணம் கிடைக்குமா என்று முறையாக யோசித்துப் பார்த்தேன். கிடைக்கவில்லை. வருகிற செவ்வாய்க்கிழமை வோட்டெடுப்பு.

முதல் கூட்டம் நம் முன்னறையில்தான் நடந்தது. வார்டு கன்வீனர் வேலாயுதன் அன்றே சொல்லிவிட்டார்: "டீச்சரே, காலனி நமக்கு உறப்பு வோட்டாக்கும். அங்க போயி நேரம் களைய வேண்டா. ஃபிளாட்டுல ஆடிட்டு நிக்கிற ஆளுகளப் பிடிக்கணும்." உறப்பு என்றால் உறுதி, இவர்கள் பாஷையில், எப்படியும் நமக்கே விழும் வோட்டு. காலனி என்பது நம் வடக்குவிளைதான். சாலை பஜார்க் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலை செய்யும் நம் தமிழாட்கள், இந்தக் கட்சிக்கே போட்டுப் பழகியவர்கள்.

வேலாயுதன் சொன்னது சரி. நடுவில் நிற்கிறவர்களைப் பிடிக்காமல் இந்த வார்டில் ஜெயிக்க முடியாது. போனமுறை அப்படித்தான் தோற்றார்கள். ஆனால் அதற்கு அடுத்த வாரம் மீன் விற்க வந்த காலனி மாடம்மாள் நம் கேட்டில் நின்று சொன்னதும் சரிதான். "ஃபிளாட்டுக்குன்னா டீச்சர் லிஃப்டு ஏறிப் போறாவ. நம்ம காலனிக்கு ஒரு ஓடைய தாண்டணும், அதுக்குத்தான் கால் வலிக்கி. நாங்க எங்க போயிருவோம்னு நெனப்பு, இல்லியா சாரே?" இரண்டு பக்கமும் சரியாகத் தெரியும்போது எனக்கு வாய் வருவதில்லை, உனக்குத் தெரியும். அவள் போன பிறகும் அந்த வார்த்தை போகவில்லை. நாங்க எங்க போயிருவோம்.

இனி எதிர்வீட்டு ஹரிகுமார். நீ போன பிறகு குடிவந்தவர், மனைவி இல்லை, குடியிருப்போர் சங்கத் தலைவர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் இரண்டு ஃபிளாட்டுக் கட்டிடமும் கேட்கும். அம்மா முதலில் போய் வோட்டுக் கேட்டபோது, "ஞான் தீருமானிச்சிட்டில்ல" என்றாராம், இன்னும் முடிவு செய்யவில்லை என்று. அதோடு அவருக்கு மரியாதை கூடிவிட்டது. அம்மா மறுபடி போனாள். பிறகு தினமும் போனாள். சுவரெங்கும் அம்மாவின் படத்தோடு ஒட்டியிருக்கும் 'எல்லாருடேயும் ராஜபாய் டீச்சர்' என்ற வாசகம் அவர் யோசித்துக் கொடுத்ததுதான். எல்லோருடைய ராஜபாய். இலக்கணத்தில் பிழையில்லை. நான் தமிழில் எழுதிக் கொடுத்த நோட்டீஸை அம்மா நல்லாயிருக்கு என்று சொல்லி அலமாரியில் வைத்தாள். அது அங்கேயே இருக்கிறது.

அவரைப் பற்றித் தவறாக ஒன்றும் எழுதவில்லை. நல்ல மனிதர். இந்த வயதிலும் தலை நிறைய முடி. சர்க்கரை போடாமல் டீ குடிப்பார். அம்மாவும் அங்கே அப்படியே குடிக்கிறாள். அவளே சொன்னாள். இத்தனை வருஷம் நான் சர்க்கரையைக் குறை என்றபோதெல்லாம், பின்னே எதுக்கு டீ என்று கேட்டவள் அவள்தான்.

நூலகத்தில் நான் வேலை பார்த்தபோது, தினமும் வேண்டிய அகராதி என் மேஜையிலேயே கிடக்கும். அட்டை கிழிந்தாலும் யாரும் பார்க்கமாட்டோம். புதிதாக வந்த புத்தகத்தைத்தான் துடைத்து முன்வரிசையில் வைப்போம். ஏனோ இப்போது அது அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

போன வாரம் சாப்பிடும்போது தைரியம் வரவழைத்துக்கொண்டு சொன்னேன்: எப்படியும் வருகிறவர்கள்தானே என்று ஒருவரை விட்டுவிடக்கூடாது, அவர்களையும் போய்ப் பார்க்க வேண்டும் என்று. அம்மா குழம்பு ஊற்றின கையோடு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "நீங்க யாருக்காக்கும் பேசுகிய? காலனிக்கா?" ஆமாம், காலனிக்குத்தான் என்றேன். அதை அவள் நம்பிவிட்டாள்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். சனிக்கிழமை காலை கட்சியின் பெண்கள் அணியிலிருந்து ரெம்யா என்ற பிள்ளை வீடுவீடாகக் கேட்டுக்கொண்டு நம் கேட்டுக்கும் வந்தாள். விளையாட்டாகத்தான், "சாருடெ வோட்டு ஆர்க்கா?" என்று கேட்டாள், என் வோட்டு யாருக்கு என்று. அந்த நேரம் எதிர்வீட்டு மாடியில் அம்மாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் சொன்னேன்: "ஞான் தீருமானிச்சிட்டில்ல."

அந்தப் பிள்ளை சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அவள் முகம் மாறிவிட்டது. அரைமணி நேரத்தில் வேலாயுதன் வேர்த்து விறுவிறுத்து வந்து, "சாரே, தமாசா?" என்று கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். சொல்ல நினைத்துக்கொண்டே நின்றேன். சாயங்காலத்துக்குள் எதிர்க்கட்சிக்காரர்கள் டீக்கடையில் ஆரம்பித்துவிட்டார்கள், டீச்சர் வீட்டு வோட்டே ஆடுது என்று. காலனியில் அது வேறு மாதிரி போயிருக்கிறது. சாரே தீர்மானிக்கல்ல, பின்ன நமக்கு மட்டும் என்ன அவசரம் என்று மாடம்மாள் குழாயடியில் கேட்டாளாம்.

அம்மா வந்து என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், வேலாயுதன் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், அந்த ஓடையைத் தாண்டிக் காலனிக்குப் போனாள். ஒரு வீடு விடவில்லை. கொடுத்த இடத்தில் எல்லாம் டீ குடித்தாள். மாடம்மாள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து, உங்களத் தேடி வராம இருந்தது என் தப்புதான் மக்களே என்றாளாம். உன்னை மக்களே என்று கூப்பிடுவாளே, அதே குரலில். அங்கே பாதிப் பேர் கண்ணைத் துடைத்தார்கள் என்று ரெம்யா சொன்னாள். காலனி இனி ஆடாது என்கிறார்கள். ஹரிகுமாரும் நேற்றுத் தீர்மானித்துவிட்டார், நமக்குத்தான். அம்மா ஜெயித்துவிடுவாள் மகளே. ஜெயிக்கட்டும். உண்மையாகத்தான் சொல்கிறேன்.

என்னிடம் மட்டும் சனிக்கிழமையிலிருந்து வேண்டியதற்கு மேல் பேசுவதில்லை. வேளைக்குச் சாப்பாடு வைக்கிறாள், மாத்திரையை எடுத்து வைக்கிறாள், நோட்டீஸ் கட்டோடு என்னைக் கடந்து கேட்டைத் திறந்து போகிறாள்.

நீ ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது இந்தக் கடிதத்தைப் பற்றிப் பேசாதே. அம்மாவிடம் பேச்சோடு பேச்சாக ஒன்று மட்டும் சொல். வார்டில் இன்னும் ஒரு வீடு பாக்கி இருக்கிறது, அங்கே போய் வோட்டுக் கேட்கவில்லை என்று. எந்த வீடு என்று கேட்பாள். அவளாகக் கண்டுபிடிக்கட்டும். திங்கட்கிழமை நான் எங்கும் போகமாட்டேன், முன்னறையில்தான் இருப்பேன். கேட்காவிட்டாலும் என் வோட்டு அவளுக்குத்தான், அதில் மாற்றமில்லை. ஆனாலும் ஒருமுறை வந்து கேட்கச் சொல்.

கர்த்தர் உன்னையும் உன் வீட்டையும் காக்கட்டும். ஆன்சனை நன்றாகப் பார்த்துக்கொள். அவர் கேட்காவிட்டாலும் பார்த்துக்கொள்.

உன் அப்பா,
ராஜையன்