ஏரிச் சேற்றில் நான் போட்ட புழு

போன இடத்திலும் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டிருக்கும் என் மச்சானுக்கு,

அக்கா இரண்டு வேளையும் சாப்பிடுகிறாள். பனியன் கம்பெனியில் புது மிஷின் இரண்டு வந்திருக்கிறது, சத்தம் உங்கள் குறட்டையைவிடக் கொஞ்சம் கம்மி. நாளைக் காலை உங்கள் கல்லூரியிலிருந்து ஆள் வருகிறார். மைக்ராஸ்கோப்பையும், கண்ணாடித் தகடுகள் அடுக்கிய டப்பாக்களையும் கொண்டுபோகிறார். உங்களுக்கு அடுத்து வந்த வாத்தியார் எல்லாவற்றையும் முதலிலிருந்து எண்ணிப் பார்க்கப் போகிறாராம்.

அதைக் கேட்டதும் அக்கா வீட்டுக்கு ஓடி வந்தேன். ஏன் என்று உங்களுக்குத் தெரியாது என்றுதான் இன்று மத்தியானம் வரை நினைத்திருந்தேன்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், மலைமேல் ஏரியில் நீளக் குழாயை இறக்கிச் சேறு எடுத்து வந்தீர்களே. மேல்சேறு நேற்றையது, அடிச்சேறு பாட்டன் பூட்டனுக்கெல்லாம் முந்தையது என்றீர்கள். அதைச் சோப்புக்குப் போடும் காரத்தில் காய்ச்சிச் சல்லடையில் அலசினால் கடைசியில் மிஞ்சுவது புழுத்தலை. கொசு மாதிரி இருந்தும் கடிக்காத ஒரு பூச்சியின் புழு. உடம்பு மக்கினாலும் தலை ஓடு மக்காது. மோவாயில் சீப்புப் போலப் பல் வரிசை. அந்தப் பல்லைப் பார்த்து எந்த வகைப் புழு என்பீர்கள். வகையைப் பார்த்து, அந்தக் காலத்தில் ஏரி குளிராக இருந்ததா வெதுவெதுப்பாக இருந்ததா என்பீர்கள்.

பனியன் துணியில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் கண்டுபிடிக்கிறவன் நான். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் தலை பொறுக்க என்னைக் கூப்பிட்டீர்கள்.

"ஏனுங்க மச்சான், உசுரோட இருக்கற மனுசன் மூஞ்சியவே நீங்க நிமுந்து பாக்கறதில்ல. செத்த புழுவோட பல்லப் போயி எண்ணிக்கிட்டிருக்கறீங்களே?"

"உன்ற மூஞ்சியப் பாத்து என்னத்தக் கண்டேன் மாப்ளே? புழு பேசாது, அதுவே புண்ணியம்."

அந்தப் பேச்சுக்குத்தான் பழி வாங்கினேன். கம்பெனிக்குப் பின்னால் தண்ணீர் தேங்கிய தொட்டியில் ஒரு சிவப்புப் புழுவைப் பிடித்தேன். நூல் வெட்டும் கத்தரியால் தலையை நறுக்கி, ஒட்டியிருந்த சதையைக் காரத்தில் கரைத்து, அடிச்சேற்றுத் தட்டில் போட்டேன். புது வகை கிடைத்தது என்று நீங்கள் துள்ளிக் குதிப்பீர்கள், நான் கைகொட்டிச் சிரிக்கலாம் என்று ஆசை. நரைத்த வயதில் வரக்கூடாத ஆசைதான்.

நீங்கள் குதிக்கவில்லை. வெகுநேரம் பார்த்துவிட்டு "ம்" என்றீர்கள். தகட்டில் ஒட்டி, எதையோ எழுதி, டப்பாவில் வைத்தீர்கள். அதற்குள் அக்கா சாப்பிடக் கூப்பிட்டாள். அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அடுத்த வாரம் வாய் வரவில்லை. பிறகு அந்த ஏரியைப் பற்றிய உங்கள் கட்டுரையே அச்சாகி வந்துவிட்டது.

எல்லாம் இங்கிலீஷ். ஐந்தாவதோடு நின்ற நான் அதில் என்ன கண்டேன்? ஊர்ச் சூட்டில் வளர்ந்த என் தொட்டிப் புழுவை நம்பி, குளிர்ந்த ஏரியை வெந்நீர் ஏரி என்று எழுதிவிட்டீர்களோ? ஊர் உலகம் உங்களைப் பார்த்துச் சிரிக்குமோ? யாரிடம் போய்க் கேட்பது?

நீங்களோ, நான் எப்போது வந்தாலும் ஒரே கேள்வி. "வா மாப்ளே. கம்பெனில கத்தரியெல்லாம் கூரா இருக்குதா?" பாவம், படித்த மனிதருக்கு நம் தொழிலில் வேறு என்ன கேட்கத் தெரியும் என்று நினைத்து, "இருக்குதுங்க மச்சான்" என்பேன்.

இன்று மத்தியானம் அக்கா கண்ணயர்ந்த நேரம் பார்த்து டப்பாவைத் திறந்தேன். அந்தத் தகட்டை உடைத்துவிடுவது என்றுதான் வந்தேன். அடிச்சேற்று வரிசையில் அது இல்லை. டப்பாவின் மூலையில், பனியன் துணியில் சுற்றித் தனியாக இருந்தது. மற்ற தகடுகளில் எழுதியதெல்லாம் இங்கிலீஷ். இதோடு சுற்றியிருந்த சீட்டில் மட்டும் தமிழ், எனக்கென்றே கொட்டை எழுத்தில்:

"மாப்பிள்ளை போட்ட புழு. சேற்றில் கிடந்த தலைக்குக் கழுத்து பிய்ந்திருக்கும். இது கத்தரி வெட்டு. எண்ணிக்கையில் சேர்க்கவில்லை."

கீழே அதே ஞாயிற்றுக்கிழமையின் தேதி.

மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். கழுத்து நேர்க்கோடாக, நம் கம்பெனிப் பனியன் விளிம்பு மாதிரியே இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தேன் மச்சான். ஒன்பது வருஷத்துப் பாரம், ஒரு சீட்டில் இறங்கிவிட்டது.

அக்கா எழுந்து வந்தாள். "என்னடா, தனியா சிரிக்கறே?"

"உன்ற ஊட்டுக்காரரு ஒம்பது வருசமா என்னைய ஏமாத்திப்போட்டாருக்கா!"

விஷயத்தைச் சொன்னேன். அவளும் சிரித்தாள், நீங்கள் போன பிறகு முதல் தடவையாக. "அதுதானா! உன்னையக் கத்தரி கத்தரின்னு கேட்டுப்போட்டு, உள்ள வந்து துண்ட வாயில வெச்சுக்கிட்டுச் சிரிப்பாரு. என்னன்னு கேட்டா, 'அவனே சொல்லட்டும்'பாரு."

அவனே சொல்லட்டும். ஒவ்வொரு தடவையும் அதற்குத்தான் காத்திருந்தீர்களா? கடைசியாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் கேட்டபோதும்?

அந்தத் தகட்டை உடைக்கமாட்டேன். நாளை வருகிறவர் டப்பாவைத் தொடுவதற்கு முன், அதை அவர் கையில் கொடுத்து, "இது நான் பண்ணுன வேலைங்க, அவரு அன்னிக்கே கண்டுபிடிச்சுட்டாரு" என்று நானே என் வாயால் சொல்வேன். இது சத்தியம். கத்தரி கூராகத்தான் இருக்கிறது மச்சான், உங்கள் கண் அளவுக்கு இல்லை.

கழுத்தைச் சரியாக வெட்டத் தெரியாத,
உங்கள் மாப்பிள்ளை