கடல்விளியைக் கடைக்கூவல் ஆக்கிய வணிகர்க்கு

கடல் தன் எல்லையில் நிற்க. சென்ற கலங்கள் திரும்புக. ஓதநாட்டின் அரசியும், மூன்று கழிமுகங்களின் காவலியும், கலங்கரை விளக்குக்கு முதல் எண்ணெய் வார்க்கும் உரிமை பெற்றவளுமாகிய பொலங்கோதை, நுரைமாடத்து அரண்மனையிலிருந்து, பவழத்துறை வணிகக் குழுவின் தலைவரும் வணிகர்க்குரிய எட்டிப் பட்டம் பெற்றவருமாகிய நன்னாகனார்க்கு விடுக்கும் ஓலை. நும் துறையில் மீன் குறையாதிருக்க. நும் பண்டசாலையில் ஈரம் புகாதிருக்க. நும் மக்கள் நலமாயிருக்க. வாழ்த்துவது மரபு; வாழ்த்தினோம். இனிச் சினத்தைச் சொல்கிறோம்.

நும் ஊரில் கலங்களுக்குப் பாய் தைப்போர் தெருவில் கொற்றி என்றொரு பெண் இருக்கிறாள். வயது பத்தொன்பது. தாய் தந்தையர் இல்லை. அண்ணன் எயினன் ஒருவனே உறவு. அவன் வெண்ணாரை என்னும் கலத்தில் மிளகுத் தீவுகளுக்குப் போனவன். பாய்விரி விழாவுக்குள் திரும்பிவிடுவதாகச் சொல்லிப் போனவன். அவன் வந்து இறங்கும்போது தோளில் போர்த்த ஒரு நல்ல மேலாடை வாங்கி வைக்க வேண்டும் என்பதே இவ்வாண்டு அவளுடைய ஆசை. விழா நெருங்கினால் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கடைத்தெருவில் உலாவப் பிடிக்கும். துணியைத் தடவிப் பார்த்து, விலை கேட்டு, வாங்காமலே சிரித்துக்கொண்டு நடக்கப் பிடிக்கும். யாமும் அவ்வயதில் அப்படித்தான் நடந்தோம். அதில் குற்றம் ஏதுமில்லை.

கொற்றி நும் கடையில் முதலில் வாங்கியது ஒரு மரச்சீப்பு. வாங்கியவளிடம் நும் பணியாளன் இனிக்க இனிக்கப் பேசி, அவள் பெயரையும் தந்தை பெயரையும் வீட்டுப் பெயரையும் கேட்டு ஓலை நறுக்கில் எழுதிக்கொண்டான். எதற்கென்று அவள் வினவியதற்கு, விழா நாளில் பெயர் சொல்லி வாழ்த்துவதற்கென்று விடை சொன்னானாம். அவள் மகிழ்ந்து வீட்டுக்குப் போனாள். பாவம், வாழ்த்து எந்த உருவில் வரும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் காலையில் அவள் வாசலில் ஒரு குரல் எழுந்தது. "மூங்கில்வீட்டு வேட்டன் மகள் கொற்றி!" என்று மும்முறை அழைத்தது. ஊசி கையைக் குத்தியதும் அறியாமல், செம்பில் நீர் மொண்டுகொண்டு, உயிரைக் கையில் பிடித்தபடி அவள் கதவைத் திறந்தாள். வாசலில் நின்றவன் நும் கூலிக்கூவி. "இன்றே கடைசி! பட்டு மேலாடை மூன்றே எஞ்சியுள்ளன!" என்று அவன் முழங்கினான். அவள் கையிலிருந்த செம்பு நழுவி உருண்டது.

நன்னாகனாரே, ஓதநாட்டில் பிறந்த நுமக்கு அந்த மும்முறை அழைப்பு இன்னதென்று யாம் சொல்லித்தர வேண்டுமா? கடலில் ஒருவர் இறந்தால், அவருடைய கடைசிச் சொல்லைக் கேட்ட தோழன் கரை திரும்பியதும், உறவினர் வாசலில் நின்று வீட்டுப் பெயரும் தந்தை பெயரும் சேர்த்து மும்முறை அழைப்பான். அதுவே கடல்விளி. அழைக்கப்பட்டவர் நீரோடு வந்து அவன் காலைக் கழுவினால், அந்தச் சொல்லை அவர் காதில் மட்டும் சொல்வான். மூன்றாம் விளிக்கும் கதவு திறவாவிடில், கேட்க மனமில்லாதவரை வற்புறுத்தலாகாது என்ற இரக்கத்தால், திரும்பிப் பாராமல் போய், அடுத்த பயணத்தில் அச்சொல்லைக் கடலிலேயே விட்டுவிடுவான். திறவாதவர் சிலர் உண்டு; ஆனால் இந்த விளிக்கு எழாதவர் இந்நாட்டில் இல்லை. எழாதவர் இல்லை என்பதனாலேயே அதை நீர் திருடினீர்.

ஒரு நாளோடு விட்டீரா? இன்றே கடைசி என்ற கூவல் பத்தொன்பது நாள் கேட்டது. மூன்றே எஞ்சிய மேலாடைகள் பத்தொன்பது நாளும் மூன்றாகவே எஞ்சின. ஆறு காசுத் துணிக்கு ஒன்பது காசு என்று விலை கட்டிவிட்டு, இளையோர் மேல் கொண்ட அன்பினால் மூன்று காசு குறைத்தோம் என்று நும் குழுவினர் எம் அமைச்சரிடம் விளக்கம் சொன்னார்களாம். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

நும் ஊர் இளையோர் இருநூற்றுவர் எம் அவைக்கு நடந்தே வந்தார்கள். கயிறு திரிக்கும் ஆதன் என்பவன், தான் இவ்விழாவுக்கு மூன்று இணைச் செருப்பு வாங்கியதாகவும், அவற்றுள் ஒன்று தன் காலுக்கே பொருந்தாதென்றும் சொன்னான். அவையினர் சிரித்தார்கள், அவன் சிரிக்கவில்லை. தாங்கள் ஒன்றும் அறியாத குழந்தைகள் அல்லரென்றும், கூவுவது பொய்யென்று நன்கு தெரியுமென்றும், தெரிந்தும் தந்தை பெயரைக் கேட்டதும் கால்கள் ஓடுகின்றனவே என்பதுதான் தங்கள் ஆத்திரமென்றும் அவன் எடுத்துரைத்தான். வாங்காமல் கதவடைத்த தன்னைப் பார்த்து, இந்த வீட்டில் அவ்வளவு வறுமையோ என்று கூலிக்கூவி தெருவறியக் கேட்டதைச் சொல்ல வந்த ஒரு பெண், பாதியிலேயே அழுதுவிட்டாள். விழா வருகிறதென்றால் முன்பெல்லாம் மகிழ்ச்சி வரும், இப்போது வாசலில் எந்தக் குரல் கேட்டாலும் ஒளிந்துகொள்ளத் தோன்றுகிறது என்று எல்லாரும் ஒருவாய்ப்பட முறையிட்டார்கள். நல்ல நாளை அந்தப் பிள்ளைகளுக்கு அச்சமாக்கிவிட்டீரே, இதற்கு வாணிகம் என்றா பெயர்?

பத்தொன்பதாம் நாள் தெருப் பெண்கள் கூடி, இனி எவன் அழைத்தாலும் கதவைத் திறப்பதில்லை என்று உறுதி செய்துகொண்டார்கள். அதில் முதலில் கையடித்தவள் கொற்றி. இருபதாம் நாள் காலையில் அவள் வாசலில் மறுபடியும் அவள் பெயர் ஒலித்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பாயைத் தைத்தாள். இரண்டாம் முறையும் ஒலித்தது. எழுந்துபோய்க் கதவுக்குத் தாழிட்டாள். மூன்றாம் முறையும் ஒலித்தது. நாசமாய்ப் போக என்று உள்ளிருந்தபடியே உரக்கச் சபித்தாள். பிறகு, இன்றே கடைசி என்ற கூவலுக்காகக் காத்திருந்தாள்.

அது வரவில்லை.

அவள் நீரோடு ஓடிவந்து கதவைத் திறந்தபோது, எயினனின் கலத்தோழன் பிட்டன் தெருமுனையை எட்டிவிட்டான். திரும்பிப் பார்க்க அவனுக்கு உரிமையில்லை. கூப்பிட அவளுக்கு உரிமையில்லை. அவன் முதுகு மறையும்வரை செம்போடு நின்றாள் என்று அண்டை வீட்டார் சாட்சி சொன்னார்கள். பின்பு உள்ளே போனவள் இன்றுவரை கதவைத் திறக்கவில்லை. தோழியர் சன்னல் வழியே வைக்கும் கஞ்சியில் பாதி திரும்பி வருகிறது. அண்ணன் இறந்ததை அவள் அழுது தாங்கிக்கொள்வாள். அவன் சொல்லி அனுப்பியதைச் சபித்துத் துரத்தினோமே என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லையாம். நும் கடைகளில் எந்தப் பட்டைக் கொடுத்து அந்தச் சொல்லை அவளுக்கு மீட்டுத் தருவீர்?

பிட்டனும் எம் முன் வந்தான். அந்தச் சொல் நெஞ்சில் இருக்கும்வரை தனக்குச் சோறு இறங்காது என்று மண்ணில் விழுந்து அழுதான். அவன் ஏற வேண்டிய கலத்தை யாம் துறையிலேயே நிறுத்தி வைத்திருக்கிறோம். ஆதலின் அச்சொல் இன்னும் கடலுக்குப் போகவில்லை.

ஆகவே ஆணை. இவ்வோலை கண்ட கணமே பவழத்துறைக் கடைகள் அனைத்தும் அடைக்கப்படுக. பெயர் எழுதிய நறுக்குகள் அனைத்தையும் நீரே வீடு வீடாகச் சென்று உரியவர் கையில் திருப்பிக் கொடுக்க. இனிக் கடல்விளியைப் பொய்யாக அழைப்பவன் குரல் இந்நாட்டின் எந்தச் சந்தையிலும் கேட்கலாகாது. உப்பைத் தின்றவர் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும்.

அதன்பின், ஊர் முழுதும் அமைதியாயிருக்கும் வேளையில், பிட்டன் கொற்றியின் வாசலில் நின்று நான்காம் முறை அழைப்பானாக. எம் முன்னோர் காலத்தில் இல்லாத நான்காம் விளியை எம் கோலின்மேல் ஆணையிட்டு இன்று உண்டாக்கினோம். அவன் காலைக் கழுவும் நீரை எட்டிப் பட்டம் பெற்ற நன்னாகனாராகிய நீர் சுமந்து நிற்க. அவள் கதவைத் திறந்தால், நீரை அவள் கையில் கொடுத்துவிட்டு, அந்தச் சொல் நும் காதில் விழாத தொலைவுக்கு விலகிப் போக.

திறவாவிடில், எவரும் தட்டலாகாது, இரக்கலாகாது, விரைக என்று ஒரு சொல்லும் சொல்லலாகாது. பிட்டன் மறுநாள் காலையில் வருக. அதற்கு மறுநாளும் வருக. நீரும் நீர்க்குடத்தோடு வருக. கொற்றி தானாகக் கதவைத் திறக்கும் நாள்வரை பவழத்துறையில் ஒரு கடையும் திறக்கலாகாது. விழாவுக்கு இன்னும் ஆறே நாள் உள்ளன என்பதை யாம் அறிவோம்.

எம் கைப்பட எழுதி, கலங்கரை இலச்சினை இட்டோம். காத்திருக்க.