ஐம்பத்திரண்டு கிலோ

அன்பு மகனுக்கு,

"அம்மா, நீங்கள் எத்தினை கிலோ?" என்று போன மாதம் கேட்டாய். நீ ஓட்டும் சின்ன விமானத்தில் ஆளையும் பையையும் நிறுத்துத்தான் ஏற்ற வேண்டுமாம். இத்தாலியில் நான் வேலை செய்யும் வீட்டுக் கிழவியின், அதுதான் சிஞ்ஞோராவின், தராசில் கைப்பையோடு ஏறி நின்று, ஐம்பத்திரண்டு என்றேன்.

லெகோலாந்து விளையாட்டுப் பூங்காவையும் வடமுனை ஸ்காகனில் இரண்டு கடல்கள் முட்டுவதையும் மேலிருந்து காட்டுவதாகச் சொன்னாய். நம்பி டென்மார்க் வந்தேன்.

விமானத்தடியில் உன் வருங்கால மாமனார், "பலேர்மோவில என்ன செய்யிறியள்?" என்று கேட்டார்.

"ஒரு கிழவியைக் குளிப்பாட்டி, சமைச்சுக் குடுக்கிறன்," என்றேன்.

உன் முகம் கறுத்தது. "அம்மா, பாரம் கூடிப்போச்சு, நீங்கள் இஞ்சை நில்லுங்கோ," என்றாய். என் இருக்கையில் அவரோடு வந்த நண்பரை ஏற்றினாய். அந்த நண்பர் தொண்ணூறு கிலோவுக்குக் குறையமாட்டார்! மன்னாரில் முப்பது வருடம் கணக்குப் படிப்பித்தவளிடமா இந்தக் கணக்கு? நீங்கள் திரும்பி இறங்கும்வரை மூன்று மணித்தியாலம் புல்லில் நின்றேன். கடல் எப்படி இருந்தது என்றுகூட நீ சொல்லவில்லை.

பிழைவிட்ட பிள்ளையை நான் அடித்ததில்லை. கணக்கைத் திருப்பிச் செய்ய வைப்பேன். ஞாயிற்றுக்கிழமை உன் மாமனார் பக்கத்தில் இருக்கும்போது எனக்கு அழைப்பு எடுத்து, "அம்மா, இண்டைக்குச் சிஞ்ஞோராவுக்கு என்ன சமைச்சனீங்கள்?" என்று சத்தமாகக் கேள்.

உன் அம்மா