ரிஃப்ளக்ஸ் என்று எழுதிய குழாய்

இன்று டாக்டர் என் சீட்டில் ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை எழுதினார். சாப்பிட்டது நெஞ்சுக்கு ஏறி எரிகிற நோய்க்கு அதுதான் பேராம். ரிஃப்ளக்ஸ். வெளியே பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்துவிட்டேன். உன்னிடம் பேசி எத்தனை வருஷமாயிற்று.

திருவொற்றியூர் ரசாயன ஆலையில் நீ கொதிகலத்தைப் பார்த்துக்கொண்டாய். நான் போர்டு எழுதுபவன். சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியும் போர்டெல்லாம் இங்கிலீஷ்தான். கலத்திலிருந்து ஏறும் ஆவி மேலே குளிர்ந்து, நீராகி, ஒரு குழாய் வழியே மறுபடி கலத்துக்கே இறங்கும். அந்தக் குழாயை மூடித் திறக்கும் திருகுக்கு மேல் 'ரிஃப்ளக்ஸ்' என்று எழுதியது நான்தான். பார்த்து வரைந்தேன்; பொருள் தெரியாது.

வேலைக்குப் புதிதாக வந்த வியாசர்பாடி ஆள் என்னவென்று தெரியாமல் அதை மூடிவிட்டான். கொதிநீர் பீறிட்டு அவன் கைகள் இரண்டும் வெந்துபோயின. போர்டு இருந்ததே என்று சொல்லி அவனையே வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

நீ சூப்பர்வைசர் முன் போய் நின்றாய்.

"அந்த வார்த்தைக்கு இன்னா சார் அர்த்தம்?"

"அது கொழாயோட பேருப்பா."

"பேரு தெரியுது சார். அர்த்தம் கேக்கறேன்."

அவருக்கும் தெரியவில்லை. சோதனைக்கூடத்து உதவியாளர்தான் தடித்த அகராதியைப் புரட்டிச் சொன்னார். லத்தீனிலிருந்து வந்ததாம், 'ரி' என்றால் திரும்ப, 'ஃப்ளக்ஸ்' என்றால் ஓட்டம். ஏறி வந்த கடல்நீர் வற்றித் திரும்புவதைத்தான் முதலில் அப்படிச் சொன்னார்களாம். எண்ணூர் முகத்துவாரத்துக் குப்பத்தில் பிறந்த நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பில் சந்தோஷமே இல்லை.

"இத்தத்தான் எங்காளுங்க வத்தம்னு சொல்லிகினு கீறாங்க. தமிழ்ல இருந்திருந்தா அவன் கை தப்பியிருக்கும் தோஸ்து. நீ எழுது."

எழுதினேன்: 'திரும்பி வரும் நீர். மூடாதே.' மறுநாளே அது அங்கில்லை. நீ கரித்துண்டால் எழுதினாய். அழித்தார்கள். மறுபடி எழுதினாய். ஒரு வாரம் இப்படியே போயிற்று. பிறகு உன்னையும் வெளியே அனுப்பினார்கள்.

கேட்டருகே என்னைப் பார்த்து, "வூட்ல கொயந்தைங்க கீதுங்க, நீ வேலைய பாரு," என்றாய். வேறெதுவும் கேட்கவில்லை. அப்பாவின் கட்டுமரத்துக்கே போனாய். அடுத்த ஐப்பசியில் கடலுக்குப் போன நீ கரைக்கு வரவில்லை.

அந்தச் சூப்பர்வைசர் மாறி வேறொருவர் வந்ததும், ஒவ்வொரு திருகின் இங்கிலீஷுக்குக் கீழும் சின்னதாகத் தமிழில் எழுதினேன். யாரும் தடுக்கவில்லை. எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டுதான் இத்தனை வருஷமும் கனக்கிறது. முதல் நாள் நான் தமிழில் எழுதியதை, பழைய சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டு மிரட்டியவுடன், கத்தியை எடுத்துச் சுரண்டியவன் நான்தான். உனக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் உன் முகத்தைப் பார்த்து அதை நான் சொல்லியிருக்க வேண்டும்.