அக்காவின் காதுக்கு ஒரு தனி ஒயர்

மார்ச் 3

ரெக்கார்டிங்கில் புல்லாங்குழல்காரருக்குத் தன் குழல் கேட்கவில்லை. டிரம்மருக்குக் குழல் மட்டும்தான் கேட்கிறதாம். அத்தானுக்கு எல்லாம் கேட்கிறது, ஆனால் தன் குரல் "அடுத்த வீட்டுலருந்து வர்ற மாதிரி" இருக்கிறதாம். மிக்ஸரில் நான் கலப்பது ஒரே டப்பா வழியாக, ஒரே கலவையாகத்தான் எல்லார் ஹெட்ஃபோனுக்கும் போகிறது. அவரவர் குமிழைத் திருகினால் சத்தம் கூடும், குறையும். உள்ளே இருப்பது மாறாது. இதை இன்று முழுக்கச் சொல்லித் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

இதற்கு நடுவில் அக்கா. மிக்ஸர் பக்கத்தில் வந்து நின்று மெதுவாகச் சொன்னாள்: "சேர்ந்து பாடுறதா ஒத்துக்கிட்டாச்சு, பாடிக் குடுத்துடுறேன். ஆனா அவர் குரல் என் காதுல விழக் கூடாது. வாத்தியம் மட்டும் குடு. எங்க எடுக்கணும்னு எனக்குத் தெரியும்."

அவள் அத்தானை விட்டு வந்து மூன்று மாதம் ஆகிறது. ஏன் என்று என்னிடம்கூடச் சொல்லவில்லை. ஆல்பத்தில் பாக்கி இருப்பதெல்லாம் ஜோடிப் பாட்டு. எல்லாரும் ஒரே நேரத்தில் பாடி வாசித்தால்தான் பாட்டுக்கு உயிர் வரும் என்று இசையமைப்பாளர் ஒற்றைக்காலில் நிற்கிறார். உயிர் போவது எனக்கு.

மார்ச் 4

முடியாது என்று அக்காவிடம் விளக்கிப் பார்த்தேன். அவர் குரலை எடுத்தால் எல்லார் காதிலிருந்தும் போய்விடும், அவர் காதிலிருந்தும்தான். "அது உன் வேலை" என்று சொல்லிவிட்டுத் தான் பாடும் கண்ணாடி அறைக்குள் போய்விட்டாள்.

சாயங்காலம் அம்மா ஃபோனில். "ரெண்டு பேரையும் தினம் பாக்குறவ நீ ஒருத்திதான். எப்படியாவது சேத்து வைடி."

மார்ச் 6

காலை முழுக்க எல்லார் ஹெட்ஃபோனிலும் வலது காது செத்துக் கிடந்தது. மிக்ஸரைச் சந்தேகப்பட்டு, டப்பாவைத் திறந்து, ஒயர் ஒயராக ஆட்டிப் பார்த்து — கடைசியில் பார்த்தால் புல்லாங்குழல்காரர் தன் சொந்த ஹெட்ஃபோனைக் கொண்டுவந்து செருகியிருக்கிறார். அதன் ஒயர் முனையில் இருக்கும் பிளக் வேறு வகை, இடது வலது என்று பிரிவே இல்லாதது. அது உள்ளே போனதும் எல்லாருடைய வலது பக்கமும் ஷார்ட் ஆகிவிட்டது.

"எனக்கு நல்லாத்தானேம்மா கேட்டுச்சு" என்கிறார். அவரை என்ன செய்ய?

மார்ச் 7

வழி கிடைத்தது. மிக்ஸரிலிருந்து, குரலுக்கு எதிரொலி சேர்க்கும் எக்கோ கருவிக்குப் போகும் இணைப்பைப் பிடுங்கி அக்காவுக்கு ஒதுக்கிவிட்டேன். ஸ்டோர் அறையில் கிடந்த பழைய ஆம்ப்ளிஃபயரைத் தூசி தட்டி, கரகரத்த குமிழைத் துடைத்து, ஒரு தனி ஒயர் சால்டர் பண்ணினேன். விரலையும் சுட்டுக்கொண்டேன். இப்போது அக்காவின் காதில் எது விழலாம், எது கூடாது என்பதற்கு மிக்ஸரில் தனி வரிசைக் குமிழ்கள்.

எக்கோ போனதில் அத்தானுக்குக் கோபம். "என் குரலுக்கு மொட்டை போட்ட மாதிரி இருக்கு." யாருக்காக என்று நான் சொல்லவில்லை. கிளம்பும்போது அவரே கேட்டார்: "அவளுக்கு நான் பாடுறது கேக்குதா?" நான் ஒயரைச் சுருட்டினேன். பாவமாக இருந்தது.

மார்ச் 8

அக்காவின் வரிசையில் அத்தானின் குமிழைக் கொஞ்சம் திறந்து வைத்தேன். வாத்தியங்களுக்கு அடியில் தெரியவே தெரியாத அளவுக்கு.

தப்பா? ஒன்றும் குடி முழுகிவிடாது.

மார்ச் 10

இன்னும் கொஞ்சம் திறந்தேன். அக்கா குரலில் ஒரு குழைவு வந்திருக்கிறது! சரணத்தில் அவருக்கு இடம் விட்டு, அப்புறம் மெல்ல எடுக்கிறாள். இசையமைப்பாளர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "இதத்தான்மா இத்தன நாளா கேட்டேன்."

கொஞ்சம் பொறு, எல்லாம் சரியாகும் என்று அம்மாவிடம் சொல்லிவைத்தேன்.

மார்ச் 11

டிரம்மருக்கு ஹெட்ஃபோன் காதை அழுத்துகிறதாம். தலை பெரிதாக இருப்பதற்கும் நான்தான் பொறுப்பு.

மார்ச் 12

மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அக்கா வந்து என் எதிரே உட்கார்ந்தாள்.

"முதல் நாளே தெரியும்டி."

எது என்று கேட்டு நடிக்கத் தெம்பில்லை.

"நீயே சொல்லுவன்னு பாத்தேன். நீ இன்னும் ஏத்தின."

"நல்லாப் பாடினியேக்கா" என்று உளறினேன். "அவர் குரல் கேட்டதும் ஒரு குழைவு..."

"குழைவு இல்ல. அடங்கிப் பாடினேன். அவர் குரல் கேட்டா என் தொண்டை தானா இறங்கிடும், இத்தன வருஷப் பழக்கம். அந்த வீட்ல நான் ஒரு வார்த்த சத்தமாப் பேசினதில்ல. அதுலருந்துதான் வெளிய வந்தேன்." எழுந்து நின்றாள். "அவர்கூட இருக்க வேணாம்னு காரணத்தோட அம்மாகிட்டச் சொன்னேன், எடுபடல. அவர்கிட்டச் சொன்னேன், சிரிச்சாரு. அதான் உங்கிட்ட காரணமே சொல்லல. சொல்லாமலே செய்வன்னு நெனச்சேன்."

அவ எங்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு. அதையும் செய்யாம — நான் யாரு, அவளுக்கு எது நல்லதுன்னு முடிவு பண்ண? அம்மா ஃபோன் ரெண்டு தடவ வந்துச்சு. எடுக்கல.

மார்ச் 14

கடைசிப் பாட்டு. குமிழை முழுக்க மூடினேன். அது போதாதென்று அத்தான் குரல் அவள் பக்கம் போகும் இணைப்பையே கழற்றிவிட்டேன். அக்காவிடம் போய்ச் சொன்னேன். "சரி" என்றாள்.

கண்ணாடி அறை வாசலிலேயே நின்றாள். எதிர் அறையில் அத்தான் பல்லவியைப் பாடிப் பார்த்துக்கொண்டிருந்தார், வெளியே வாத்தியங்களும் கூடவே. அக்கா தன் ஹெட்ஃபோனைப் புல்லாங்குழல்காரரிடம் நீட்டினாள்.

"இதுல அவர் குரல் வருதான்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க."

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அவர் ஒன்றும் புரியாமல் மாட்டிக்கொண்டு, கொஞ்ச நேரம் கேட்டார்.

"வாத்தியம் மட்டும்தான்மா வருது."

அதற்குப் பிறகுதான் அக்கா அதை வாங்கி மாட்டிக்கொண்டாள்.