விக்கிரவாண்டியில் இறங்கியவள்

திண்டிவனம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

வேணி எழுதுவது. நானும் அஸ்வினியும் இருக்கிறோம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? போனில் நீங்கள் அவளிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுவதால் எனக்குத் தெரிவதில்லை. உங்கள் அறையில் ஆறு பேர் இருக்கும்போது இதைப் போனில் சொல்லவும் முடியாது. அதனால்தான் குவைத்துக்குத் திரும்பும் சுப்பராயலு அண்ணனிடம் கவரை ஒட்டிக் கொடுக்கிறேன். தனியாக இருக்கும்போது படியுங்கள்.

மல்லாட்டை பிடுங்கியாகிவிட்டது. இந்த வருஷம் கடலைக்காய் பரவாயில்லை.

நீங்கள் லீவில் வந்திருந்தபோது உங்கள் அக்கா மகள் பானுப்ரியா கல்யாணத்துக்கு நான் வராததற்குத் தலைவலி என்று சொன்னேன். அது பொய். நீங்களும் அஸ்வினியும் முதல் நாளே விழுப்புரம் மண்டபத்துக்குப் போய்விட்டீர்கள். மாட்டைப் பார்த்துவிட்டு மறுநாள் காலையில் நான் திண்டிவனத்தில் பஸ் ஏறினேன். நீங்கள் வாங்கிவந்த பச்சைப் பட்டுதான் கட்டியிருந்தேன். அன்று எழுந்ததிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அப்படியும் பாதி வழியில் அடக்க முடியவில்லை. பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கண்டக்டரிடம் கெஞ்சினேன். "ஏறும்போதே போய்ட்டு வர்றதில்லியாம்மா, தோ விழுப்புரம் வந்துடும்" என்றார். அதற்குள் சீட்டெல்லாம் நனைந்துவிட்டது. பக்கத்தில் இருந்த அம்மா பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள். விக்கிரவாண்டியில் இறங்கி, வேறு பஸ்ஸில் நின்றுகொண்டே வீட்டுக்கு வந்தேன். நீங்கள் பதினொரு முறை கூப்பிட்டீர்கள். எடுத்து என்ன சொல்வேன்?

அஸ்வினி பிறந்ததிலிருந்து எட்டு வருஷமாக இப்படித்தான். இருமினால், தும்மினால், குடம் தூக்கினால் சிறுநீர் கசியும். பழைய புடவையைக் கிழித்து மடித்து வைத்துக்கொள்வேன். துவைத்து, யார் கண்ணிலும் படாமல் பாவாடைக்கு அடியில் காயப்போடுவேன். "உன்மேல ஏதோ வாடை வருதும்மா" என்று ஒரு நாள் அஸ்வினி சொன்னாள். அதற்குப் பிறகு அவளை மடியில் உட்கார வைப்பதையே விட்டுவிட்டேன். இப்போது கூப்பிட்டாலும் வருவதில்லை.

இரண்டு வருஷம் கழித்து வந்த மனுஷனை விட்டுத் தள்ளிப் படுத்தேன். நீங்கள் முகத்தைச் சுளித்துவிடுவீர்களோ என்ற பயம்தான். நான் மனதில் வேறு யாரையோ வைத்திருப்பதாக உங்கள் அக்காவிடம் நீங்கள் சொன்னது என் காதுக்கும் வந்தது. "புடிக்காதவகூட என்னா குடித்தனம்" என்று வாசலில் சொல்லிவிட்டு, லீவு முடியப் பத்து நாள் இருக்கும்போதே கிளம்பினீர்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை மாமா.

போன செவ்வாய்க்கிழமை தனியாக விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிரசவத்தில் உள்தசை தளர்ந்து கர்ப்பப்பை இறங்கியிருக்கிறதாம். சின்ன ஆபரேஷன் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும் என்று டாக்டரம்மா சொன்னார்கள். "எட்டு வருஷமா ஏம்மா யாருகிட்டயும் சொல்லல?" என்று கேட்டார்கள். இது சரிசெய்யக்கூடிய நோய் என்றே எனக்குத் தெரியாது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். எட்டு வருஷத்தை நினைத்து அழுதேனா, அந்தப் பத்து நாளை நினைத்து அழுதேனா, தெரியவில்லை.

வருகிற இருபதாம் தேதி ஆபரேஷன். கையெழுத்துப் போட என் தம்பி வேங்கடேசன் வருகிறான். கட்டி எடுக்கப்போகிறார்கள் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். அஸ்வினி உங்கள் அக்கா வீட்டில் இருப்பாள். மூன்று மாதம் பாரம் தூக்கக்கூடாதாம்.

உங்களை வரச் சொல்லவில்லை. கோபம் ஆறாவிட்டாலும் பரவாயில்லை. திருவக்கரை அம்மன் உங்களை நோய் நொடியில்லாமல் வைத்திருக்கட்டும். இருபதாம் தேதி காலையில் மட்டும் என் போனுக்குக் கூப்பிடுங்கள். ஒன்றும் பேச வேண்டாம். "வேணி" என்று ஒரு தடவை கூப்பிட்டுவிட்டு வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி
கிருஷ்ணவேணி