முதல் தெருவின் மாலை லோடை மறுபடி அளந்து பார்க்க வேண்டி

அனுப்புநர்:
அ. ஹஃபீசா பேகம்,
க/பெ. அத்தாவுல்லா,
எண் 9, முதல் தெரு,
ஏரிக்கோடி நகர், செம்பாக்கம்.

பெறுநர்:
உயர்திரு உதவிப் பொறியாளர் அவர்கள்,
மின்வாரியம், ஏரிக்கோடி நகர்ப் பிரிவு அலுவலகம்.

பொருள்: மாலை நேர மின்பளுக் குறைப்புப் போட்டி – 11.12.2008 அன்று எடுத்த அளவு – முதல் தெருவை மறுபடி அளக்கக் கோருதல் – 21ஆம் தேதி சோலார் பேனல் மாட்டுவதை அதுவரை நிறுத்தி வைக்கக் கேட்டல் – தொடர்பாக.

பார்வை: 10.8.2008 அன்று குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் தாங்கள் வாய்மொழியாக அறிவித்தது.

மரியாதைக்குரிய ஐயா,

1. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். என் கணவர் தாம்பரம் மார்க்கெட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். அவர் விற்கும் மோட்டார்களோடு வருகிற குறிப்புப் புத்தகங்களைப் படித்துத்தான் வாட், ஆம்பியர், யூனிட் எல்லாம் கற்றுக்கொண்டேன். எங்கள் வீட்டு மீட்டரைப் பதினோரு வருடமாகத் தினமும் விடியற்காலை பஜ்ர் தொழுகை முடிந்ததும் நோட்டில் எழுதி வருகிறேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. கீழே வரும் எண்களை நம்பலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

2. ஆகஸ்ட் கூட்டத்தில் தாங்கள் எங்களுக்குப் புரியும்படி விளக்கினீர்கள். ஆடிக் காற்றில் தெற்கே காற்றாலைகள் சுற்றும்போது கிடைக்கும் மின்சாரம் ஐப்பசிக்குப் பிறகு கிடைக்காது, வெயில் மின்சாரம் சாயங்காலம் இருக்காது, ஆனால் சனங்கள் எல்லாரும் சேர்ந்தாற்போல் சாயங்காலம்தான் சுவிட்சைப் போடுகிறார்கள் என்றீர்கள். ஆகவே ஆறரை முதல் எட்டு வரை எந்தத் தெரு தன் வேலைகளை வேறு நேரத்துக்கு நகர்த்திப் பளுவைக் குறைக்கிறதோ, அந்தத் தெருவுக்கு ஓர் அறக்கட்டளை தரும் சோலார் பேனலும் பாட்டரியும் உண்டு, தெருவிளக்கும் பொது போர் மோட்டாரும் அதில் ஓடும், சாயங்கால மின்தடையிலிருந்தும் அந்தத் தெருவுக்கு விலக்கு உண்டு என்று சொன்னீர்கள். இரண்டு தெருவுக்கும் தனித்தனி டிரான்ஸ்பார்மர் இருப்பதால் ஒப்பிடுவது சுலபம் என்றும் சொன்னீர்கள். அன்று எங்கள் தெரு ஒரு பேஸுக்கு 112 ஆம்பியர், இரண்டாம் தெரு 109. இரண்டையும் அன்றே குறித்துக்கொண்டேன்.

3. மறுநாளே நான் வீடு வீடாகப் போனேன். எங்கள் தெருவில் முப்பத்தெட்டு வீடுகள். யார் வீட்டில் எத்தனை குதிரைசக்தி மோட்டார், எந்த நேரம் கிரைண்டர், எப்போது பள்ளிச் சீருடை அயர்ன் செய்கிறார்கள் என்று கேட்டு எழுதி ஓர் அட்டவணை போட்டேன். துணி துவைப்பதும் மாவு அரைப்பதும் பகல் பன்னிரண்டிலிருந்து மூன்றுக்குள். சாயங்காலத்துக்கு மட்டும் மணி போடாமல், எங்கள் தெரு முனைப் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கை வைத்து எழுதினேன். பொழுது சாய்ந்ததும் வரும் மக்ரிப் பாங்கிலிருந்து, நன்றாக இருட்டியபின் வரும் இஷா பாங்கு வரை மோட்டார், கிரைண்டர், அயர்ன் பாக்ஸ், கீசர் எதையும் தொடக்கூடாது. இஷா பாங்கு கேட்டதும் ஒற்றைப்படை வீடுகள் மோட்டார் போடலாம், அரைமணி கழித்து இரட்டைப்படை வீடுகள். எங்கள் தெருவில் பெண்கள் கடிகாரத்தைப் பார்ப்பதைவிடப் பாங்கைக் கேட்பதுதான் வழக்கம். 27ஆம் எண் காமு மாமிகூட ஒப்புக்கொண்டு, "பாங்கு கேட்டு மோட்டார் போடற மாமி செம்பாக்கத்துல நான் ஒருத்திதான்டி" என்று சிரித்துவிட்டு, அதன் பிறகு ஒருநாளும் தவறவில்லை.

4. நோன்பு மாதம் முழுவதும் இதைக் கடைப்பிடித்தோம். நோன்பு திறக்கும் நேரத்தில் வீடு நிறைய ஆள் இருக்கும், தொட்டியில் தண்ணீர் இருக்காது. அப்போதும் யாரும் மோட்டாரைத் தொடவில்லை. பக்கெட்டில் பிடித்து வைத்ததை வைத்துச் சமாளித்தார்கள். லைன்மேன் ஒருவர் (அவருக்குத் தொந்தரவு வரக்கூடாது என்பதால் பெயர் எழுதவில்லை) பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஆறரை மணிக்கு டியூட்டி முடிந்து போகும் வழியில், கம்பியைக் கவ்விப் பிடித்து ஆம்பியர் காட்டும் டாங் டெஸ்டரை வைத்துப் பார்த்துச் சொல்வார். செப்டம்பரில் 88, அக்டோபரில் 79, நவம்பர் கடைசியில் 74. அல்ஹம்துலில்லாஹ் என்று அந்த எண்களைச் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்.

5. இரண்டாம் தெரு திருமதி விஷ்ணுப்ரியா பற்றி இப்போது எழுத வேண்டும். அவர் கணவர் அச்சுதன் வங்கியில் அதிகாரி. மாடியில் ஏற்கனவே சோலார் வாட்டர் ஹீட்டர் இருக்கிறது. காலையில் நான் துணி காயப் போடும்போது அதன் வெளிச்சம் என் கண்ணில்தான் அடிக்கும். ஆகஸ்ட் மாதக் கடைசியில் அவர் என் வீட்டுக்கு வந்து, சமையல்கட்டில் முக்காலியில் உட்கார்ந்து, என் அட்டவணையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் தன் டைரியில் எழுதிக்கொண்டார். நான் டீ போட்டுக் கொடுத்தேன். எழுதும்போது ஒன்று கேட்டார்: "அக்கா, எங்க தெருவுக்குப் பாங்கு சரியா கேக்காது. ஆறரை டு எட்டுன்னு மணி போட்டு எழுதிக்கவா?" நான், "எழுதிக்கம்மா, அதுக்கென்ன" என்றேன். பாங்கு கேட்காத தெரு நம்மை எங்கே முந்தப் போகிறது என்று அப்போது மனதுக்குள் நினைத்ததையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

6. அடுத்த மாதமே அந்த அட்டவணை கம்ப்யூட்டரில் அடித்து, மஞ்சள் பச்சைக் கட்டம் போட்டு, இரண்டாம் தெருவில் வீட்டுக்கு வீடு கேட்டில் தொங்கியது. என்னுடையது கோடு போட்ட நோட்டில் பென்சிலால் எழுதியது. சங்கக் கூட்டத்தில் எல்லாரும் கட்டம் போட்ட தாளைத்தான் கையில் வாங்கிப் பார்த்தார்கள். ஐயா அவர்களும் அவரை "மேடம்" என்றும் என்னை "பாய் வீட்டம்மா" என்றும் கூப்பிட்டீர்கள். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் காதில் விழுந்தது, விழுந்தது போகவில்லை.

7. 11.12.2008 வியாழக்கிழமை தாங்கள் நேரில் வந்து அளந்தீர்கள். எங்கள் தெருவில் மாலை 7.10க்கு 101 ஆம்பியர். இரண்டாம் தெருவில் 7.25க்கு 62. நான் பக்கத்தில் நின்று இரண்டு தடவை எட்டிப் பார்த்தேன். நூற்றி ஒன்றுதான். 21ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் தெருவில் பேனல் மாட்டும் விழா என்று சங்கம் நோட்டீஸ் அடித்திருக்கிறது. அதில் "திருமதி விஷ்ணுப்ரியா அவர்கள் வகுத்த நேர அட்டவணை" என்று போட்டு, அவருக்குப் பொன்னாடை என்றும் இருக்கிறது.

8. வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் நான் எழுதிய முதல் மனு வேறு. அதில், தாங்கள் அளந்த நாள் திருக்கார்த்திகை என்றும், இரண்டாம் தெருவில் அகல் விளக்கு எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று எல்லா வீட்டிலும் டியூப்லைட்டை அணைத்திருந்தார்கள் என்றும், எங்களுக்கோ பக்ரீதின் மூன்றாம் நாள், ஒவ்வொரு பிரிட்ஜும் குர்பானி கறியால் நிரம்பி நிற்காமல் ஓடியது என்றும், ஆகவே அளவு செல்லாது என்றும் எழுதியிருந்தேன். இது அத்தனையும் உண்மை. கையெழுத்துப் போடுவதற்கு முன் கணக்கைச் சரிபார்த்தேன். இரண்டாம் தெருவில் முப்பத்து நாலு வீடு, வீட்டுக்கு மூன்று டியூப்லைட், சோக்கோடு சேர்த்து ஐம்பது வாட். மூன்று பேஸுக்குப் பிரித்தால் ஏழு ஆம்பியர். பிரிட்ஜுகளுக்குத் தாராளமாகவே ஐந்து. மொத்தம் பன்னிரண்டு. வித்தியாசமோ முப்பத்தொன்பது. இருபத்தேழு ஆம்பியர் கணக்கில் வரவில்லை.

9. யாரோ திருட்டுத்தனமாகக் கம்பி இழுத்திருப்பார்கள் என்று முதலில் நினைத்தேன். சனிக்கிழமை சாயங்காலம் மாடியில் ஏறி நின்றேன். 6.57க்கு இஷா பாங்கு. பாங்கு முடிந்து பள்ளிவாசல் ஒலிபெருக்கி அடங்கியதும் ஒவ்வொன்றாக மோட்டார் சத்தம் கேட்க ஆரம்பித்தது. எண்ணினேன். பதினைந்து. ஒற்றைப்படை வீடுகளில் சொந்த போர் உள்ளவை பதினைந்துதான். மோட்டாருக்கு ஐந்தரை ஆம்பியர், பதினைந்துக்கு எண்பத்திரண்டரை, மூன்று பேஸுக்குப் பிரித்தால் இருபத்தேழரை. அந்தப் பதினைந்தில் முதலில் ஓடியது என் வீட்டு மோட்டார். கீழே என் மகள் ஷபீனா, நான் எழுதிக் கொடுத்தபடியே, சரியாகப் போட்டிருந்தாள்.

10. ஆகஸ்டில் இஷா பாங்கு ஏழே முக்காலுக்கு. டிசம்பரில் ஏழுக்கு முன்னாலேயே. பொழுது சீக்கிரம் சாய்கிறது, பாங்கும் முன்னே வருகிறது. இது எனக்குத் தெரியாததா? ஐந்து வேளையும் தொழுகிறவள். இருட்டினால்தானே விளக்குப் போடுகிறார்கள், இருட்டோடு பாங்கும் நகர்ந்தால் பளுவும் கூடவே நகர்ந்துவிடும் என்று நினைத்துவிட்டேன். வாரியத்துக்கு நெருக்கடி எட்டு வரை இருக்கிறது, அது பாங்கோடு நகராது என்பதை யோசிக்கவில்லை. லைன்மேன் பார்த்ததெல்லாம் ஆறரைக்கு, இஷாவுக்கு முன்னால். அதனால் என் சிவப்பு மை எண்கள் எனக்கு நல்லதாகவே சொல்லிக்கொண்டிருந்தன. விஷ்ணுப்ரியா மணி போட்டு எழுதியதால் அவர்கள் தெரு மோட்டார்கள் எட்டுக்குத்தான் ஓடின. என் அட்டவணையில் அவர் மாற்றிய வரி அந்த ஒன்றுதான். அந்த ஒரு வரி சரி, என் வரி தப்பு. இதை எழுதுவதற்கு எனக்கு ஒரு ராத்திரி முழுக்க ஆயிற்று.

11. பொறாமை ஹராம் என்று தெரியும். தௌபா செய்து அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டேன். மறுநாள் காலை துணி காயப் போடப் போனபோது அந்த ஹீட்டர் வெளிச்சம் அடித்தது, மறுபடி வந்துவிட்டது. ஐயா அவர்களிடம் இதைச் சொல்வதற்குக் காரணம், இந்த மனுவில் பொறாமை இருக்கிறது என்று யாராவது சொன்னால், ஆமாம் இருக்கிறது, கழித்துவிட்டு மீதியைப் பாருங்கள் என்பதற்காக.

12. மீதி இதுதான். என் பேச்சை நம்பி முப்பத்தெட்டு வீட்டுப் பெண்களும் நான்கு மாதம் கஷ்டப்பட்டார்கள். அளவு தெரிந்த மறுநாள் 12ஆம் எண் ஷாயிஸ்தா வாசலில் நின்று, "பக்கெட்ல தண்ணி தூக்கினு கெடந்தோம், பேனல் அங்க போய் ஏறுது, இன்னாக்கா கணக்கு இது?" என்று கேட்டாள். வெள்ளிக்கிழமையிலிருந்தே எட்டு இரட்டைப்படை வீடுகளில் பழையபடி ஆறரைக்கு மோட்டார் போடத் தொடங்கிவிட்டார்கள். தப்பு ஒரு வரியில்தான், மற்றதெல்லாம் சரி என்று ஐயா அளந்து காட்டாவிட்டால் இன்னும் பத்து நாளில் முப்பத்தெட்டு வீடும் பழையபடி ஆகிவிடும். அடுத்த தெருவில் பேனல் இருந்து என்ன, எங்கள் டிரான்ஸ்பார்மரில் பியூஸ் போகும். அதற்குப் பிறகு நான் எந்த வீட்டுக் கதவையும் தட்ட முடியாது.

13. ஆகவே ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லாரையும் என் வீட்டுக்கு அழைத்து, மேலே எழுதிய எட்டாம் பத்தியிலிருந்து பத்தாம் பத்தி வரை வாசித்துக் காட்டினேன். காமு மாமிதான், "அப்போ இனிமே நான் கடிகாரத்தைப் பார்க்கணுமா? பாங்கே சௌகரியமா இருந்தது" என்றார். அன்று முதல் எங்கள் தெருவிலும் ஆறரையிலிருந்து எட்டு என்று மணி போட்டுத்தான் நடக்கிறது. முப்பத்தொரு வீட்டார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஏழு வீட்டார் போடவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

14. தங்களிடம் வேண்டுவது மூன்று.

அ) 21ஆம் தேதிக்கு முன், பண்டிகை எதுவும் இல்லாத ஒரு சாதாரண நாளில், இரண்டு தெருவையும் ஏழு மணிக்கும் ஏழே முக்காலுக்கும் அளந்து பார்க்க வேண்டும். எந்த நாள் என்று எங்களுக்கும் சொல்ல வேண்டாம், அவர்களுக்கும் சொல்ல வேண்டாம். அப்படி அளந்து முடிக்கும்வரை பேனல் மாட்டுவதை நிறுத்தி வைக்க வேண்டும்.

ஆ) எந்தத் தெருவுக்குப் பேனல் போனாலும், நோட்டீசில் அட்டவணை யார் வகுத்தது என்பதைத் திருத்த வேண்டும். நேரத்தை மணியாகப் போட்டது திருமதி விஷ்ணுப்ரியா. வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதியது நான். இரண்டையும் அப்படியே போட வேண்டும். எனக்குப் பொன்னாடை வேண்டாம்.

இ) இனிமேல் இப்படிப் போட்டி வைத்தால் ஒரே ஒரு நாள் அளந்து முடிவு செய்யாமல், வாரம் ஒருமுறை வேறு வேறு நேரத்தில் அளந்து எழுதி, பிரிவு அலுவலக வாசலில் ஒட்ட வேண்டும். அப்படி ஒட்டியிருந்தால் என் தப்பு அக்டோபரிலேயே எனக்குத் தெரிந்திருக்கும்.

15. மறுபடி அளந்து, அப்போதும் இரண்டாம் தெருவே குறைவாக இருந்தால், பேனல் அங்கேயே ஏறட்டும். எனக்கு அதில் சந்தோஷம் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். சந்தோஷம் இருக்காது. ஆனால் அதற்குமேல் ஒரு மனுவும் எழுத மாட்டேன், எங்கள் முப்பத்தொரு வீட்டிலும் எட்டு மணிக்கு முன் ஒரு மோட்டாரும் ஓடாது. பேனல் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அது நடக்கும் என்று முப்பத்தொரு வீட்டாரும் சொல்லித்தான் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

ஐயா அவர்கள் ஒரு சாயங்காலம் எங்களுக்காக ஒதுக்கி, டாங் டெஸ்டரோடு வந்து பார்த்துச் சொல்லும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

நாள்: 16.12.2008
இடம்: செம்பாக்கம்

தங்கள் உண்மையுள்ள,
அ. ஹஃபீசா பேகம்

இணைப்பு:
1. ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை நோட்டுப் பக்கங்கள் – 14
2. முதல் தெருவின் 31 வீட்டார் கையெழுத்துகள் – 2 தாள்